சத்தம் நன்றாக இருக்கிறது

மூர்மான் தட்டினால் கட்டிடமே எழுந்துகொள்ளும்.
எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியாது,
சொல்ல எனக்கும் மனம் வந்ததில்லை.
கையில் காகிதம்: "படம் வரவில்லை."

குத்தாயிசியில் நவம்பர். பாலத்தடியில்
ரியோனி ஆறு சேறும் இரைச்சலுமாகப் போகிறது.
மருந்துக்கடையில் இரவு வேலை முடித்து
செருப்பைக்கூடக் கழற்றவில்லை நான்.

அவர் கணினிக்கு என் மகளின் வயது, பதினான்கு.
மேசைக்கடியில் அது மூச்சு வாங்கும் விதம்
காதில் விழுந்திருந்தால்
என்றோ தூசி தட்டியிருப்பார்.

லாமாரா இத்தாலியில், பாரி நகரில்,
யாரோ ஒருவரின் தாயைக் குளிப்பாட்டுகிறாள்.
ஆறு சம்பளம் கடனுக்குப் போயிற்று.
ஏழாவதில் புதுக் கைப்பேசி.
அது புது வடிவத்தில் படம் பிடிக்கிறது.
பழைய கணினிக்கு
அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது.

திறந்தேன். கறுப்பு.
ஆனால் ஒலி வந்தது, அத்தனை துல்லியமாக:
நாற்காலி இழுபடுவது. சட்டைக் கை உரசுவது.
தெருவில் ஒரு ஸ்கூட்டர். ஒரு பெருமூச்சு.
மேசையில் இரண்டு தட்டு, டொக் டொக்.
பிறகு வெகுநேரம் துணி மட்டும்.

கைகளால் பேசுகிறவளின் ஏழு நிமிடம்.
பேச்சைத் தவிர மற்றதெல்லாம் எனக்குக் கேட்டது.
அவர் திரையைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அங்கே ஏதாவது ஓடுகிறதா என்று.

"சத்தம் நன்றாக இருக்கிறது" என்று எழுதினேன்.
எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.
அவர் சிரித்தார், தோள் குலுங்க,
மாடிப்படி வரை கேட்கும்படி.

வேறொரு பிளேயரை இறக்கினேன். படம் வந்தது,
முழங்கால் வலிக்காரர் படியிறங்குவதுபோல்:
ஒரு விரல். பச்சைக் கட்டங்கள். பாதி உதடு.
உயர்ந்த கை இறங்காமலே மடியில் கிடந்தது.
வாக்கியத்தின் நடுவில் சொற்கள் விழுந்துபோவதைத்
தாங்காமல் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.
நாம் காதைப் பொத்திக்கொள்வது மாதிரி.

டிரைவரைப் புதுப்பித்தேன், இன்னும் மோசம்.
பழையதையே திரும்பப் போட்டேன்.
அமைப்புகளில் எதையோ அணைத்தேன், ஏற்றினேன், அணைத்தேன்.
கடைசியில் காணொளியையே மாற்றியெழுதச் சொன்னேன்,
பழைய வடிவத்துக்கு, சின்ன அளவுக்கு.
மீதமுள்ள நேரம் ஒன்பது மணி என்றது.
பிறகு பதினொன்று. பிறகு நான்கு.
எங்கள் நகராட்சியும் இப்படித்தான் கணக்குச் சொல்லும்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி
மேசை விசிறியை நேரே வைத்தோம்.
ஃப்யூஸ் போய்விடக் கூடாதென்று
ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கினார்,
உள்ளேயிருந்த சீஸை என் மடியில் திணித்தார்.

மறுநாள் விடியுமுன் கட்டிடம் எழுந்துகொண்டது.

முழுத் திரையில் லாமாரா.
தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள்.
அந்த இடம் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது,
உரசல், ஸ்கூட்டர், பெருமூச்சு, இதோ:
கணவனை நோக்கி ஒரு விரல் நீட்டி
தன் நெற்றியைத் தொட்டு
மேசைப் பலகையை முட்டியால் தட்டினாள், டொக் டொக்.
எனக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது,
இது புரிந்தது. மரமண்டை.

மூர்மான் கொதித்தெழுந்தார்.
இரண்டு கையாலும் திரைக்குப் பதில் சொன்னார்.
அவள் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டே போனாள்.
நிறுத்தினார், பின்னால் ஓட்டினார்,
மறுபடி திட்டு வாங்கி, மறுபடி மறுத்தார்.

"என்னவாம்?" என்று எழுதி நீட்டினேன்.
பென்சிலை வாங்க அவர் கைக்கு நேரமில்லை.

ஃபிரிட்ஜை நான்தான் மறுபடி சொருகிவிட்டு வந்தேன்.