குறைநீர்க் கட்டணம்

காலை ஐந்து மணிக்கு
கௌப் ஊரின் அளவுகோல் என் திரைக்கு எண் அனுப்பும்.
நேற்று நாற்பத்து நான்கு.
இன்று நாற்பத்தொன்று.
சென்டிமீட்டரில் ஒரு நதி.

மான்ஹைம் துறைமுகத்தில், நான்காவது மாடியில்,
ரைனுக்கு விலை போடுகிறவள் நான்.
நூற்றைம்பதுக்குக் கீழே ஒரு கட்டணம்,
எண்பதுக்குக் கீழே இன்னொன்று.
நாற்பதுக்குக் கீழே போனால்
பேசித் தீர்த்துக்கொள்ளவும் என்கிறது ஒப்பந்தம்.
யாரோடு என்று சொல்லவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன மொழி என்னுடையது.
அளக்காமல் இல்லை.
ஏற்றியதை அளந்தோம், இறக்கியதை அளந்தோம்,
ஆற்றையே அளந்தோம், மூன்று பிரதிகளில்.
புகைபோக்கி வழியே போட்டதை மட்டும்
கைவீசிப் போட்டோம்.

ஃபோல்கெர்ட் போனில் கத்துகிறார்.
மூன்றில் ஒரு பங்குதான் ஏற்றியிருக்கிறாராம்,
அப்படியும் அடியில் கல் உரசுகிறதாம்.
நடு ஆற்றுக் கோட்டைக்கு ஜனங்கள் நடந்தே போகிறார்களாம்,
ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு,
இவருடைய படகுக்குக் கையசைத்துக்கொண்டு.
படகில் எழுநூறு டன் நிலக்கரி.
வானத்தைச் சூடாக்கப் போகும் சரக்கு
சூட்டில் வற்றிய ஆற்றில்
ஊர்ந்து ஊர்ந்து
வேலைக்கு வருகிறது.

இந்த ஆகஸ்ட் எங்களுக்கு நல்ல ஆகஸ்ட்.
நீர் இறங்க இறங்க என் கட்டத்தில் தொகை ஏறும்;
அந்தச் சூத்திரத்தை எழுதியவள் நானேதான்.
கேன்டீனில் வெள்ளிக்கிழமை சால்மன் போட்டார்கள்.

இயக்குநர் கூட்டத்துக்குக் குறிப்பெடுக்கப் போனேன்.
தட்டை அடிக் கப்பல்கள் நான்கு வாங்குவது:
பதினொரு நிமிடத்தில் ஒப்புதல்.
நிலக்கரி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது:
காப்பி வந்தது.
அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றார்கள்.
ஆண்டறிக்கையின் அட்டைக்கு ஒரு படம் தேர்வானது,
கரை ததும்பும் ரைன், திராட்சைச் சரிவு, வெள்ளைப் படகு.
எடுத்தது ஒரு ஏப்ரலில்.
எந்த வருடம் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டது யூட்டா கிரெஷ்னர்.
வோர்ம்ஸில் பெயின்ட் செய்கிறவர், முப்பது பேர் வேலை,
மாதம் இரண்டு தடவை எங்கள் படகில் சுண்ணாம்புத் தூள்.
பணத்தைக் கட்டிவிட்டு ஒரு வரி எழுதியிருந்தார்:
இந்தக் கட்டணம் போய்ச் சேர்வது எங்கே,
ஆற்றுக்கா?

மூன்று பதில் எழுதி மூன்றையும் அழித்தேன்.
ரோஸ்விதாவிடம் கொண்டுபோனேன்.
கெட்டவரில்லை அவர், சைக்கிளில்தான் வருவார்.
நானூறு சம்பளம், என்றார்,
நிலக்கரியில் இருந்துதான் பாதி.
நாளைக்கே நிறுத்தினால் உன் நாற்காலியும் போகும்.
பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு,
நிறுத்தாவிட்டால் படகும் போகும், தெரியும், என்றார்
வேறு யாரிடமோ சொல்வதுபோல.

அன்று இரவு பில்லில் ஒரு வரிசை சேர்த்தேன்.
குறைநீர்க் கட்டணத்துக்கு நேர் கீழே,
அதே எழுத்தில், அதே அளவில்.
நிலக்கரி: எழுநூறு டன்.
எரிந்தபின் கரியமில வாயு: ஆயிரத்து எழுநூறு டன்.
(ஏற்றியதைவிட எடை கூடித்தான் போகிறது அது,
வழியில் காற்றையும் சேர்த்துக்கொண்டு.)
விலை: பூஜ்யம் யூரோ.
ரோஸ்விதாவுக்கும் ஒரு நகல் போயிற்று.
எடுத்துவிடு என்று பதில் வரவில்லை.
வை என்றும் வரவில்லை.

திங்கள் காலையிலிருந்து போன் ஓயவில்லை.
இது என்ன புது வரிசை?
நாங்கள் கட்ட வேண்டுமா?
இப்போதைக்கு இல்லை, என்கிறேன் எல்லோரிடமும்.
அந்த முதல் சொல்லில் கொஞ்சம் நின்று,
அவர்களும் நிற்பது கேட்கிறது.

சாயங்காலம் ஸ்விஸ் பக்கம் மழையாம்.
மாடி முழுக்க எழுந்து ஜன்னலுக்கு வந்தோம்.
மேகம் கறுத்து நின்றது.
சந்தோஷப்படலாமா என்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
கணக்குப் பிரிவின் டீட்மார்
மெல்லக் கால்குலேட்டரை எடுத்தான்.

ஐந்து மணிக்கு எண் வரும்.