பத்து மடங்கு

இரவு வேலை முடித்து நேரே வந்தேன்.
உடுப்பில் இன்னும் ஈயக் கவசத்தின் வியர்வை,
கைப்பையில் பதினான்கு மாத ஓவர்டைம்.
செட்டியார் தெருவில் அப்போதுதான்
இரும்புக் கதவுகளைச் சுருட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

திலகேஸ்வரன் கறுப்பு வெல்வெட்டை விரித்தார்.
மூன்று கற்கள்.
கூரையில் இருபத்தேழு விளக்குகள்
(எண்ணிவிட்டேன், எண்ணுவது என் வியாதி).
அந்த வெளிச்சத்தில்
பிளேன்ரீ கோப்பையின் விளிம்புகூட
வைரமாகத்தான் இருந்தது.

"எத்தனை சென்ட் பார்க்கிறீங்கள், மிஸ்?"
முப்பது என்றால் ஒரு விலை.
இருபத்தெட்டு என்றால் படி தவறி விழுந்ததுபோல் இன்னொன்று.
நடுவில் உள்ள இரண்டு சென்ட்
கண்ணுக்குத் தெரியாது,
கலியாண வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

நிறத்துக்கு எழுத்து உண்டாம்.
டி என்றால் தண்ணீர். இசட் என்றால் தேநீர்.
வெள்ளைத் தாளை மடித்து
கல்லை அதில் முகங்குப்புறக் கிடத்தி
பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார்.
எச்சுக்கும் ஐக்கும் நடுவே கண்ணைச் சுருக்கினேன்.
நிறத்துக்கு எழுத்துப் போடுகிறவர்களை
எனக்கு முன்பே தெரியும்.
அவர்கள் தாளெல்லாம் மடிக்கவில்லை,
வாசலில் செருப்புக் கழற்றும்போதே முடிவு சொன்னார்கள்.

பிறகு லூப்.
இரண்டாவது கல்லில்,
மேசை சரிந்து இடுப்பைத் தொடும் இடத்தில்,
ஒரு வெண்கீற்று.
"இறகு எண்டு சொல்லுவம். சின்னன்தான்."

நேற்றிரவு மூன்று மணிக்கு
ஒன்பது வயதுப் பையனின் மணிக்கட்டில்
இதே இறகைக் கண்டேன்.
உடைஞ்சிட்டுதா என்று தாய் கேட்டாள்.
டொக்டர் சொல்லுவார் என்றேன்,
எப்போதும் சொல்வதுபோல்.

எலும்பு ஆறு கிழமையில் ஒட்டிவிடும்.
"இடுப்புவரை வந்திருக்கு," என்றேன்,
"கம்பியை இறுக்கினால் வெடிக்காதா?"
அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

அவருக்குச் சொல்லாத ஒன்று:
வீங்கிய விரலில் கழற்ற முடியாத மோதிரங்களோடு
மனிதர்கள் என்னிடம் வருகிறார்கள்.
வைரமென்றால் படத்தில் ஏறக்குறைய விழாது,
பொன் கம்பிகள் வெறுமையைப் பிடித்தபடி நிற்கும்.
போலியென்றால் வெள்ளையாய்த் துலங்கும்.
யார் யாருடையது என்ன என்று தெரியும்.
ஒருவரிடமும் சொன்னதில்லை.

அப்போது கரண்ட் போனது.

இருபத்தேழும் ஒரே மூச்சில்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம்.
கடையில் மிஞ்சியது
கள்ளநோட்டுப் பார்க்கும் பற்றரி விளக்கின் ஊதா.
தட்டை அதன் கீழே தள்ளினேன்.
மூன்றாவது கல்
மண்ணெண்ணெய் அடுப்பைப்போல் நீலமாய் எரிந்தது.
"அதைச் சொல்ல இருந்தனான்," என்றார்.
சான்றிதழில் எழுதித்தான் இருந்தது,
அடியிலிருந்து மூன்றாவது வரியில்,
எறும்பெழுத்தில்.

வாசலுக்கு வந்தோம்.
மழை இருட்டு. ஓட்டோக்காரன் ஒருவன்
எங்கள் தட்டையே பார்த்தபடி வழி விட மறந்து நின்றான்.
நான் பொருட்படுத்தாத முதலாவது கல்,
இருபத்தெட்டு சென்ட்,
சாம்பல் பகலிலும் எங்கோ ஒரு துளி வெளிச்சத்தைப் பிடித்து
சில்லறைபோல எண்ணித் திருப்பித் தந்தது.
"வெட்டு, மிஸ். மற்ற மூண்டும் மண் குடுத்தது.
இதுதான் மனுசன் செய்தது."
வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்வார்.
ஆனாலும் கல் பொய் சொல்லவில்லை.

"யாருக்கு?"
"எனக்கு."
பெட்டியின் நிறத்தை மட்டும் கேட்டார்.

இடுப்பில் பொறித்த இலக்கமும்
தாளில் உள்ள இலக்கமும் ஒன்றுதானா என்று
பார்க்காமல் காசு தரமாட்டேன் என்றேன்.
கரண்ட் வரட்டும் என்றார்.
இருட்டுக்குள் எதிரெதிரே இருந்தோம்.
தேநீர் ஆறிப்போயிருந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
மேசைமீது இடதுகைப் பெருவிரலை நீட்டினார்.
"போன மாசம் சேஃப் கதவில் நசுங்கினது.
வெடிப்பு இருக்குமோ?"

படம் எடுக்காமல் சொல்ல ஏலாது என்றேன்.