வறிய மண் செய்முறை

வறிய மண்ணைச் செய்வது இலேசில்லை.
களனி ஆற்று மணலை அமிலத்தில் ஊறவைத்து
காய்ச்சி வடித்த நீரில் ஏழு தரம் கழுவ வேண்டும்.
ஆறாவது கழுவலிலும் எங்கோ
ஒரு துணிக்கைப் பொசுபரசு ஒட்டிக்கொண்டிருக்கும்;
குழாயில் நீலமாகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.
ஒரு வாளி வறுமைக்கு
ஒரு மூட்டைப் பசளையிலும் செலவு அதிகம் என்று
கணக்குக் கிளையில் சிரித்தார்கள்.
எனக்கு விரல் நுனிகள் உரிந்திருந்தன.

அறுபது சட்டிகள்.
முப்பதில் பழைய நெல்.
முப்பதில் சமிந்தி ஒரு பரம்பரை அலகை
நுழைத்த நெல்.
மின்வெட்டு இரவுகளில் குளிரூட்டியின் கதவை
யாரும் திறக்காதபடி
மாறி மாறிக் காவல் இருந்து காப்பாற்றியது.

மூன்றாம் கிழமை பழையவை ஊதா பூத்து
ஊசிகளாய் நின்றன.
மற்றதில் ஒரு சட்டியைக் கவிழ்த்து
மணலை உதறினேன்.
வேர் வந்தது.
வந்துகொண்டேயிருந்தது.
அளவுகோல் போதாமல்
பழைய நாட்காட்டியின் முதுகில் விரித்தோம்.
சமிந்தி சிங்களத்தில் அதனோடு ஏதோ பேசினாள்,
தொட்டிலுக்குள் குனிந்தவள் போல.

நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸில்
வெள்ளவத்தை வரைக்கும் நின்றபடி யோசித்தேன்.
பசளை வராத அந்தப் போகத்தில்
கப்பல் எங்கே என்று கேட்டார்கள் மனிதர்கள்.
இந்த நெல் கேட்காது.
கிடைத்ததைத் துழாவித் தின்று
கதிர் தள்ளும்.
வெட்டி ஒட்டுகையில்
அந்தக் கேள்வியையும் சேர்த்து வெட்டிவிட்டோமோ?
என் ஆறுமாத ஒப்பந்தம் நீளுமா என்று
நானும்தான் இன்னும் கேட்கவில்லை.
ஆனாலும் அந்த வேர்!
அவ்வளவு மெல்லிசு, அவ்வளவு பேராசை.

அறுவடை.
விதைக்கு எடுத்தது போக மிச்சத்தை
அழித்துவிட வேண்டும்; ஒரு மணியும்
வாசல் தாண்டக் கூடாது.
ருஸ்னா எண்ணினாள்: ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
நான் எண்ணினேன்: ஒன்று குறைந்தது.
மேசைக்கடியில் தவழ்ந்து தேடினோம்,
துடைப்பத்தைப் பிரித்துப் பார்த்தோம்.
என் செருப்பின் வெடிப்புக்குள் இருந்தது அது,
வீட்டுக்கு வர ஆயத்தமாய்.

நூற்று இருபத்தொரு பாகை. இருபது நிமிடம்.
மூடியின் விளிம்பால் ஆவி கசிந்து
நடைவழி முழுக்கப் பரவிற்று.
மத்தியானச் சாப்பாட்டு நேரம்.
காவலாளி திரவியம் படியேறி வந்து
மூக்கை உயர்த்தி நின்றார்.
"ஆர் பிள்ளை இங்க நெல் அவிக்கிறது?"

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன்,
சாட்சிக் கையொப்பத்துக்கு.