பதினோராம் பக்கம், மூன்றாம் கட்டம்

எண்பத்திரண்டு, ஐப்பசி.
மண்டபத்தில் மழையும் இல்லை, மீனும் இல்லை.
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதிய கஸ்மீர்
பில் புத்தகத்தின் முதுகில்
ஒரு மாவீரனைப் பெற்றெடுத்தான்:
கருவாட்டுக் காவலன்.

பறப்பான், எதிர்காற்றில் மட்டும்.
காற்றோடு பறந்தால்
வாடை முந்திப் போய்
திருடனை எழுப்பிவிடும்.
தோளில் கிழிந்த பாய்த்துணி,
நெஞ்சில் ஒரு ‘க’,
கால்சட்டைக்கு மேல் ஜட்டி.
பலவீனம் ஒன்றே ஒன்று: பூனை.

நான் எழுத்துப் போடுகிறவன்.
சைக்ளோஸ்டைல் கடை என் மச்சானுடையது.
மெழுகுத்தாளில் ஊசியால் கீறுவேன்,
கீறிய வழியே மை இறங்கும்.
முதல் இதழ் அறுபது பிரதி.
ஐம்பத்திரண்டு திரும்பி வந்தது,
ஒன்றில் வடை இருந்தது.

இரண்டாம் இதழில் மீன்சந்தைச் சண்டை.
கஸ்மீருக்குக் கூட்டம் வரைய வராது.
ஆள் நிறைய வேண்டும்,
முகம் எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடும்.
அந்த வாரம் உச்சிப்புளியில் பாவைக்கூத்து.
போனான், திரைக்கு முன் குந்தினான்,
கையில் பென்சிலோடு திரும்பி வந்தான்.

பதினோராம் பக்கம், மூன்றாம் கட்டம்.
காவலன் வில்லனை ஐஸ் பெட்டிக்குள் அமுக்குகிறான்.
அவன் முழங்கைக்குக் கீழே
சூடை மீன் கூடையோடு சட்டித்தலையன்.
விலை கேட்டு நீட்டிய கழுத்தோடு
அவன் பெண்டாட்டி கோணக்கழுத்தி.
தராசுக்குப் பின்னால் ஒரு தோல் மான்,
உடம்பெல்லாம் புள்ளி,
ஏன் வந்தோம் என்று தெரியாத முகம்.
எல்லாருக்கும் பக்கவாட்டு முகம், ஒற்றைக் கண்.

இதழ் வந்த நாலாம் நாள்
கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்தார்
கூத்துக்காரர் பலவேச ராவ்.
காசு கேட்பார் என்று நினைத்தேன்,
கல்லாவைப் பூட்டினேன்.
பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தார்:
‘என் ஆளு ஏன் வாயைத் திறக்கல?’

திறக்க இடம் இல்லை என்றேன்.
‘பேசாத பாவை பெட்டிக்குள்ள கிடக்கணும்.
வெளியே நிறுத்தினா அது பொணம்.’

விற்காத முப்பத்தெட்டுப் பிரதிகளையும்
தரையில் பரப்பினோம்.
சட்டித்தலையன் மண்டைக்கு மேல்
பால்பேனாவால் ஒரு குமிழ்.
அவர் சொன்னார், நான் எழுதினேன்.
‘வீரா, உள்ளே போடவேண்டியது வெளியே கிடக்கு.’
அடுத்த பிரதியிலும் அதையே எழுதப் போனேன்.
கையைத் தட்டிவிட்டார்.
ஒரு சிரிப்பை ரெண்டு தடவை விற்கமாட்டாராம்.

‘மீனுக்கு ரெண்டு கண்ணு, எனக்கு ஒண்ணா?’
‘அடி கோணக்கழுத்தி, அவனை எடை போட்டுக் கேளு.’
‘ஐஸ் உருகுது, சண்டையை நாளைக்கு வச்சுக்கோ.’
இருட்டும் வரை முப்பத்தெட்டு.
கடைசியில் குரல் இறங்கிப் போயிருந்தது:
‘தம்பி, உன்னைப் பிடிச்சிருக்கிற குச்சி எங்கே?’
கஸ்மீர் பேனாவை என்னிடமிருந்து வாங்கி
அதை அவனே எழுதினான்.

பரமக்குடியிலிருந்து ஒருவர் போன மாதம் கேட்டார்,
எது அசல் வசனம் என்று.
எல்லாம்தான் என்றேன். கடுப்பாகிவிட்டார்.

பெரியபட்டினத்தில் அடுத்த கூத்து.
நடுச்சாமத்தில், கதைக்குச் சம்பந்தமே இல்லாமல்,
திரையில் ஏறினான் கருவாட்டுக் காவலன்.
ராவ் செருப்பு அட்டையில் வெட்டியிருந்தார்.
துளை இல்லை, வெளிச்சம் புகவில்லை,
வெறும் கறுப்பு, அடுப்புச் சட்டி மாதிரி.
என் ஸ்டென்சில் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு
கஸ்மீர் திரைக்குப் பின்னால் ஓடினான்.
வீரன் கொஞ்ச நேரம் காணாமல் போனான்.
திரும்பி வந்தபோது
நெஞ்சில் ‘க’ எரிந்தது.
முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள்.

அப்போது நிஜமாகவே ஒரு பூனை,
ரத்தமும் சதையுமாய்,
விளக்குக்கும் திரைக்கும் நடுவில் நடந்து போனது.
யானை அளவு நிழல்.
ராவ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை,
காவலனைத் தலைகீழாக்கி ஓடவிட்டார்.
ஊரே உருண்டது.

கஸ்மீர் மட்டும் சிரிக்கவில்லை.
எச்சிலில் விரல் நனைத்து
காற்றுக்குக் காட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
‘தப்பான பக்கம் ஓடுறான்டா.’