பெரட்டு கலையவில்லை

விடியற்காலை ஐந்தரைக்கு
என் விரல் மூட்டுகளில் பெரட்டு நடக்கிறது.
பெயர் கூப்பிடுமுன்பே வந்து நிற்கின்றன
வெள்ளையணுக்கள்,
அரிவாளோடு, அலவாங்கோடு.
வெட்ட அங்கே ஒரு குலையும் இல்லை.
விரல்கள்தாம் இருக்கின்றன.

மைலோ டின்னைத் திறக்கக் கரண்டிக் காம்பு.
ரவிக்கையின் மூன்றாவது கொக்கியை
விட்டு மாதம் நாலாகிறது.

கோல கெட்டில் செம்பனை ஆலையில்
எடைமேடைச் சாவடி என்னுடையது.
லாரி ஏறும், எண் நடுங்கி நிற்கும், எழுதுவேன்.
இப்போதெல்லாம் நான் எழுதும் ஏழு
ஒன்று மாதிரி விழுகிறது.
லாரிக்கார ஜெகதாம்பரம் சீட்டை வெயிலில் பிடித்து,
"பதினேழு பதினொண்ணாயிடுச்சே கிராணியம்மா,
ஆறு டன் யார் வீட்டுக்குப் போச்சு?" என்கிறார்.

சுங்கைப் பட்டாணி மருத்துவமனையில்
டாக்டர் ரோஸ்னானி
ரத்தச் சோதனைத் தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தார்:
இவை கூவி ஆள் சேர்ப்பவை,
இது அழற்சி,
மூலையில் சின்னதாய் இந்தப் புள்ளி
இன்டர்லூக்கின் பத்து.
போதும் என்று சொல்கிற புரதம்.
"சுடா, பாலேக்," என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்,
மண்டோர் மாதிரியே கையை வீசி.

உங்களுக்கு அது குறைவாக இருக்கலாம்.
இருந்தும் மற்றவை கேட்காமல் இருக்கலாம்.
இடம் மாறினால் அதுவே வேறு பக்கம் சாயலாம்.
ஆராய்ச்சி நடக்கிறது.

மூன்று 'லாம்'களும்
ஞாயிறு இரவு மட்டும் விழுங்க வேண்டிய
மஞ்சள் மாத்திரைகளும் வாங்கிக்கொண்டு
பஸ் ஏறினேன்.

போன மழையில் ஆலைச் சங்கு பழுதானது.
மூன்று மணி முடிந்ததை யாரும் ஊதவில்லை.
குலைகள் போய்க்கொண்டே இருந்தன, ஆவி வந்துகொண்டே இருந்தது,
நிறுத்தலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து
நாற்பது பேர் வேலை செய்தார்கள்.
நாலரைக்கு மமூன், வங்காளதேசத்துப் பையன்,
சைக்கிளில் ஆலையைச் சுற்றி வந்து
சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் அடித்தான்.
அவனை யாரும் சொல்லவில்லை.
அப்புறம்தான் கையுறைகள் கழன்றன.
ஓவர்டைம் போச்சே என்று இரண்டு பேர்
அவனைத் திட்டவும் செய்தார்கள்.

அந்தப் புள்ளிக்கு
அவன் முகத்தைத்தான் கொடுத்து வைத்திருக்கிறேன்,
மீசை சரியாக அரும்பாத முகம்.

வெந்நீர்ப் பேசினில் கைகளை விட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
கூட்டம் இன்னும் நிற்கிறது.
சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் நகர்ந்தாற்போல.
எங்கோ தட்டு அடிக்கும் சத்தம்.
பக்கத்து வீட்டு நாய்
தன் தட்டை உருட்டுவதாகவும் இருக்கலாம்.