இறங்கும் வழி இடப்பக்கம்

பதினோரு வருடம், நாளுக்கு நான்கு தடவை
லூபெக்குக்கு வந்திருக்கிறேன்.
ஒருமுறைகூட ஊருக்குள் போனதில்லை.
நடைமேடை, காப்பி எந்திரம்,
கழிவறைக் கதவின் உடைந்த தாழ்,
இருபது நிமிடம். பிறகு விசில்.
மறுபடி ஹாம்பர்க்.

இன்று விடுப்பு. சீருடை கொடியில் காய்கிறது.
எனக்குப் பயணம் இலவசம்தான். இருந்தும்
வரிசையில் நின்று சீட்டு வாங்கினேன்.
போக, வர, ஒருநாள் மட்டும் செல்லும்.
காசு கொடுத்தவருக்குத்தான் ஊர் முகம் காட்டும் என்று
ஏனோ ஓர் எண்ணம்.

உட்கார்ந்தபடி பார்த்தால்
ஆரென்ஸ்பூர்க் வேறு ஊர்.
பாட் ஓல்டெஸ்லோ தாண்டியதும் ஒரு வயல்,
வயல் நிறையக் குதிரைகள்.
எதிர் இருக்கைச் சிறுவன் எண்ணிச் சொன்னான்: ஒன்பது.
இத்தனை காலமும் அந்த இடம் வரும்போது நான்
மாதச் சீட்டுகளில் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கோபுரங்கள்.
ஏழு என்பார்கள். நான் எண்ணியது ஐந்து.
மிச்சத்தை ஒரு சரக்கு வண்டி மறைத்துவிட்டது.

நகர வாசலின் இரண்டு கோபுரங்களும்
ஈர மண்ணில் அமிழ்ந்து, சாய்ந்து நிற்கின்றன,
கடைசி வண்டியில் தூங்கிவழியும் தம்பதி மாதிரி.
எழுப்பலாமா வேண்டாமா என்று
நான் தயங்குவேனே, அந்த மாதிரி.
ஆற்றோரம் உப்புக் கிடங்குகள்.
உப்பு விற்றுச் செங்கல் அடுக்கிய ஊர்;
உப்பிட்டவரை மறக்கவில்லை.

மரியா தேவாலயத்தில்
இரண்டு மணிகள் தரையில் கிடக்கின்றன.
குண்டு விழுந்த இரவில் கோபுரம் எரிந்து
விழுந்தவை. விழுந்த இடத்திலேயே,
பிளந்த வாயோடு,
கீழே நொறுங்கிய கல்லோடு.
யாரும் எடுக்கவில்லை, ஒட்டவைக்கவில்லை.
எங்கள் விமானங்கள் போன ஊர்களில்
விழுந்த மணிகள் எத்தனை?
கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
‘தாமதத்துக்கு வருந்துகிறோம்’:
பல்லாயிரம் தடவை சொன்ன வாய்
சும்மா இருந்தது.

வெளியே வந்து வழி தவறினேன்.
தலை குனிந்தால்தான் நுழைய முடிகிற சந்து ஒன்று.
ஒரு சவப்பெட்டி போகிற அகலம் போதும் என்று
அந்தக் காலத்தில் விட்டார்களாம்.
உள்ளே பொம்மை அளவு வீடுகள், ரோஜா, சைக்கிள்,
குப்பை வாளியோடு ஓர் ஆள்.
நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான்.
அவன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்த்
தேடத் தொடங்கியது.

ஹின்னெர்க் புட்ஃபார்கன்.
மூன்று குளிர்காலத்துக்கு முன், அறுபது யூரோ அபராதம்.
பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னவன்,
அவசரமே இல்லாமல், இரண்டு தடவை.

“இங்கேயுமா?” என்றான்.

என்ன சொல்ல? என் பையைத் துழாவி
என் சீட்டை எடுத்து நீட்டினேன்.
வாளியைக் கீழே வைத்தான்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தேதி பார்த்து,
பின்பக்கமும் பார்த்து,
“சரியாக இருக்கிறது, அம்மணி” என்று
திருப்பிக் கொடுத்தான்.
ரோஜா பற்றி ஏதோ கேட்டேன். பூச்சி அதிகம் என்றான்.
அவ்வளவுதான்.

திரும்பும் வண்டியில் டெட்லெஃப் பணியில் இருந்தான்.
“உனக்கெதற்கு?” என்று சிரித்துக்கொண்டே
என்னைத் தாண்டிப் போய்விட்டான்.
துளை விழாத சீட்டு.
மார்ஸிபான் பன்றி ஒன்று வாங்கியிருந்தேன்,
ஓல்டெஸ்லோவுக்குள் தலையைத் தின்றாயிற்று.
குதிரைகளைத் தேடினேன், இருட்டிவிட்டது.
ஒலிபெருக்கியில் டெட்லெஃப்
அடுத்த நிறுத்தம் சொன்னான், பக்கத்தை மாற்றிச் சொன்னான்.
பெட்டியில் நான் ஒருத்திதான்
சரியான கதவின் பக்கம் நின்றேன்.