ஒரு அட்டைக்கு ஒரு முயல்

மாசம் அறுநூறு ரூபாய்.
பல் பார்ப்பது, நகம் வெட்டுவது,
காதுக்குள் டார்ச் அடிப்பது,
மூன்று மாசத்துக்கு ஒருதரம் பூச்சி மருந்து,
ராத்திரியிலும் எடுக்கிற ஒரு போன் நம்பர்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மாடி ஆஸ்பத்திரியில் டாக்டர் பென்சிகா
நீல அட்டையை என் பக்கம் நகர்த்தினார்.
"ஒரு அட்டைக்கு ஒரு முயல்."

தவணை எனக்குப் புதிதில்லை.
குழித்துறையிலிருந்து களியக்காவிளை வரை
கடைகடையாய் ஏறிச் சீட்டுப் பணம் பிரிக்கிறவள்.
மொத்தமாய்த் தர முடியாதவர்களிடம்தான்
மாசாமாசம் என்ற சொல் செல்லும்.
முதல் மூன்று மாசம் சிரித்துக்கொண்டே தருவார்கள்.
நாலாவது மாசம் என் ஸ்கூட்டர் சத்தத்துக்கு
ஷட்டர் பாதி இறங்கும்.

ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
வருஷத்துக்கு ஏழாயிரத்து இருநூறு.
இரண்டுக்கும் சேர்த்தால் பதினாலாயிரத்து நானூறு.
தேவைக்கு மட்டும் போனால்
நகத்துக்கு நூற்றைம்பது, பல்லுக்கு முந்நூறு.
ஒன்றும் வராமலிருந்தால் லாபம் எனக்கு.
ஒன்றும் வராமலிருந்தால்.

பக்கத்து விளை சுவிசேஷமுத்து
முருக்க இலையைக் கட்டோடு எறிந்துவிட்டுச் சிரித்தார்.
"ஒனக்கு என்ன கிறுக்கா பிள்ளே?
கிலோ நானூறுக்கு நான் உரிச்சே தாறேன்.
ரெண்டு மாசக் காசுக்கு மூணு கிலோ கறி.
பல்லு பாக்கதுக்கு டாக்கிட்டராம்!"
அவர் கூண்டிலிருந்து வந்ததுகள்தான் இரண்டும்,
பப்படமும் சீனியும்.
கிறிஸ்துமஸ் ஆர்டருக்கு எடை பத்தாமல் மிஞ்சிய அக்கா தங்கை,
ஒரே வெள்ளை, ஒரே சிவப்புக் கண்.

போன ஆனி மழையில்
பப்படம் ஒருநாள் முழுக்க இலையைத் தொடவில்லை.
மூலையில் உட்கார்ந்திருந்தது,
சும்மா யோசித்துக்கொண்டிருப்பதுபோல.
நாய் முனகும், பூனை ஒளியும்.
முயல் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.
காலையில் கூண்டுக்குக் கீழே
ஒரு புழுக்கைகூட விழவில்லை என்பதுதான்
எனக்கு வந்த ஒரே தாக்கல்.
கடைவாய்ப் பல் வளர்ந்து
கன்னத்தின் உள்ளே குத்தியிருந்தது.
ஊசி, டிரிப், பல் தேய்ப்பு: நாலாயிரத்து எண்ணூறு.
கம்மலை என் கம்பெனியிலேயே வைத்தேன்.
அடகுச் சீட்டை எழுதியதும் நான்தான்.

அதற்குப் பிறகு வாயைத் திறந்து பார்க்கப் பழகினேன்.
முன்பல் வரைக்கும் தெரியும்.
உள்ளே போகப் போக இருட்டு.

கடைசியில் ஒரே ஒரு அட்டை வாங்கினேன்.
பெயர்: பப்படம். நிறம்: வெள்ளை. பெண்.
ஒன்று எண்ணூற்றைம்பது கிலோ.
முதல் மாசம் பப்படம் போனது.
இரண்டாம் மாசம் அதே கூடையில், அதே துண்டை விரித்து
சீனியை வைத்தேன்.

டாக்டர் தூக்கினார். வாய்க்குள் குழாயை விட்டார்.
பழைய தழும்பைத் தேடியிருக்க வேண்டும்,
இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து,
அட்டையைப் பார்த்து
அப்புறம் என்னைப் பார்த்தார்.
கீழே நாகர்கோவில் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

நகம் வெட்டினார்.
காதில் சொறிப்பூச்சி தொடங்கியிருக்கிறது என்று
சொட்டு மருந்து விட்டார்.
தராசில் வைத்தார்.
"ஒரு மாசத்தில் அரைக் கிலோ ஏறியிருக்கு.
நல்லாத் தின்னுது போல."
"ஆமா டாக்டர்."

அந்த முகம் எனக்குத் தெரியும்.
பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே
இரண்டு கால்களைப் பார்த்தும்
ஆள் இல்லை போல என்று
ஸ்கூட்டரைத் திருப்பியிருக்கிறேன், சில நாள்.

இது நாலாவது மாசம்.
அறுநூறை எடுத்துத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன்.
லாபமா நஷ்டமா என்று பின்னட்டையில்
கோடு கிழித்ததோடு சரி, கூட்டவில்லை.
விடிந்ததும் குனிந்து
கூண்டுக்குக் கீழேதான் எண்ணுகிறேன்.
இன்றைக்கு எண்பது வரை எண்ணினேன்,
அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது.